ஒரே தாளில் நான்கும் நான்கும்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஸ்டுடியோவில் மூன்றரை மாதம் வேலை பார்த்தேன். 2006ஆம் ஆண்டு. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு, எம்.சி.ஏ. சேர்க்கை வரும்வரை வீட்டில் உட்கார முடியாமல், பெரம்பலூரிலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறிவிடுவேன். சும்மா இருக்க முடியாதது என் வியாதி. அதை அப்போது திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டுடியோக்காரர் அந்த வருடம்தான் ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறியிருந்தார். நெகட்டிவை திருச்சிக்கு அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருந்து பழகிய ஊரில், 'பத்தே நிமிடத்தில் பாஸ்போர்ட் போட்டோ' என்று போர்டு எழுதி மாட்டியிருந்தார். அது பொய். படத்தை இறக்கி, முகத்தை அளவாக வெட்டி, பின்னணியை நீலமாக்கி, ஒரு தாளில் எட்டு முறை ஒட்டி பிரிண்ட் எடுக்க அரை மணி நேரம் பிடிக்கும். பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்துவிட்டால், விண்ணப்பமும் கையுமாகப் பிள்ளைகள் ரோடு வரைக்கும் நிற்பார்கள்.

சேர்ந்த முதல் வாரமே நான் ஒரு புரோகிராம் எழுதினேன். படத்தைக் காட்டினால் போதும். அதுவே வெட்டும், நிறம் மாற்றும், எட்டாக அடுக்கும், பிரிண்டருக்கு அனுப்பும். இருபது வினாடி. ஸ்டுடியோக்காரர் முதல் தாள் வெளியே வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, நீ இன்னும் நாலு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. படக் கோப்புகளைத் திறந்து படிக்க, பிரவுசிங் சென்டரில் இறக்கிய ஓர் இலவச லைப்ரரியைப் பயன்படுத்தியிருந்தேன். லைப்ரரி என்றால், வேறு யாரோ ஏற்கெனவே எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு. எடுத்து நம் புரோகிராமில் பொருத்திக்கொள்ளலாம். அதில் ஓட்டை இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கம்ப்யூட்டரின் மெமரியில் கொஞ்சம் இடம் வாங்கும். வேலை முடிந்ததும் திருப்பித் தராது. நாற்பது படம் தாண்டினால் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகரும், அறுபதில் அப்படியே நின்றுவிடும். மெமரி லீக் என்று பாடத்தில் இரண்டு மார்க் கேள்விக்குப் படித்தது, கண்ணெதிரே ஒழுகிக்கொண்டிருந்தது.

அதற்கும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக இடம் கேட்டால்தானே ஒழுகும்? காலையில் ஒரே ஒரு தடவை பெரிய இடமாக வாங்கி வைத்துக்கொண்டேன். எல்லாப் படமும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். ஒன்று போனால் அதன் மேலேயே அடுத்தது. நடுவில் துடைப்பதில்லை, துடைத்தால் நேரம் ஆகும். வேகம் கூடட்டும் என்று, பிரிண்ட் கொடுக்கும் முன் திரையில் ஒரு தடவை காட்டும் முன்னோட்டத்தையும் எடுத்துவிட்டேன். இருபது வினாடி பன்னிரண்டானது. தாள் கவிழ்ந்தபடி வெளியே வரும், நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கவரில் போட்டுக் கொடுப்பேன். பார்க்கத் தேவையில்லை என்பதுதான் என் பெருமை.

இன்னொரு வசதியும் வைத்திருந்தேன். இரண்டு படம் கொடுத்தால் ஒரே தாளில் நான்கும் நான்குமாக வரும். அதற்காக அந்த இடத்தை இரண்டு பாதியாகப் பிரித்திருந்தேன்; ஒரே படம்தான் என்றால் இரண்டு பாதியிலும் அதுவே உட்காரும். ஒன்று வெள்ளைப் பின்னணி, ஒன்று நீலம் என்று கேட்பவர்களுக்காக அது. ஆனால் கடைக்குள் 'நாலு நாலு' என்றால் அர்த்தமே வேறு. வீட்டுக்குத் தெரியாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொள்ள வருகிற ஜோடிகள், அவனுக்கு நாலு, அவளுக்கு நாலு என்று ஒரே தாளாகத்தான் கேட்பார்கள். அப்படி யாராவது வந்தால் ஸ்டுடியோக்காரர் "நாலு நாலு" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, யாராவது பின்னாலேயே வருகிறார்களா என்று வாசலை எட்டிப் பார்ப்பார். எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும். ஒரு தாளில் ஓர் ஆணும் பெண்ணும் நான்கு நான்காக இருந்தால், அது கல்யாணப் பத்திரிகையை விட உறுதியான சாட்சி.

ஜூலையில் ஒரு காலை அவள் வந்தாள்.

என்னோடு மூன்று வருடம் ஒரே வகுப்பு. ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர். அப்பா அங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியர். லேபில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பதால், பதிவு எண் வரிசைப்படி நானும் அவளும் ஒரே மேஜை. அவள் யோசிப்பாள், நான் தட்டுவேன். என் விரல் வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் என்னைத்தான் கெட்டிக்காரன் என்று நினைத்தார்கள். அவளும் திருத்தவில்லை.

"ஹாஸ்டல் ஃபாரத்துக்கு போட்டோ வேணும். சீக்கிரம் எடு, பத்தே முக்கால் பஸ்ஸப் புடிக்கணும்" என்றாள்.

"ஹாஸ்டலா? அப்ப எம்.சி.ஏ.வுக்கு அப்பா ஒத்துக்கிட்டாரா?"

"அப்பா எப்பவோ ஒத்துக்கிட்டாரு. சித்தப்பாதான் குதிச்சாரு. பொட்டப்புள்ளய திருச்சில தனியா விடுறதான்னு. நேத்து அப்பாவே கையெழுத்துப் போட்டுட்டாரு. ஒரே கண்டிஷன். என்னப் பத்தி ஊர்ல ஒரு பேச்சு வந்துச்சுன்னா, அன்னிக்கே பெட்டியத் தூக்கிட்டு வந்துடணும். அதுக்கப்புறம் சித்தப்பா சொல்றதுதான்."

"நீ பேசுறதே சி லாங்வேஜ்தான். உன்னப் பத்தி என்ன பேச்சு வரப்போவுது?"

சிரித்தாள். படம் எடுத்தேன். வெளிர்பச்சைச் சுடிதார், ஒற்றைப் பின்னல். பன்னிரண்டு வினாடியில் தாள் வந்ததைப் பார்த்து ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நிரலைக் காட்டச் சொன்னாள். இரண்டு நிமிடம் வாசித்தாள்.

"இந்த எடத்தத் துடைக்காமலே அடுத்த படத்தப் போடுறியே. பாதி ஃபைல் வந்தா என்ன பண்ணுவ?"

"பாதி ஃபைல யாரு கொண்டுவருவா?"

"முழு ஃபைலாதான் வரும்னு எவன் உனக்கு எழுதிக் குடுத்தான்? படிக்க முடியலன்னா லைப்ரரி சொல்லுமா, சொல்லாதா?"

"சொல்லும்."

"பாத்தியா, நெனைக்கிறியா?"

பார்த்ததில்லை. "ஒனக்கு பஸ் வந்துடும், கிளம்பு" என்றேன். அதற்குள் பின்னால் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

அவனும் அவள் ஊர்தான். அவள் வந்த அதே பஸ்ஸில் வந்தவன். ஆலத்தியூரில் சிமென்ட் ஆலையில் கான்ட்ராக்டரிடம் வேலை கிடைத்திருந்தது. கேட் பாஸுக்குப் போட்டோ வேண்டும். அவளைப் பார்த்து ஒதுங்கி நின்றான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர்கள் வேறு வேறு தெரு. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அவள் போனதும் அவன் ஒரு பென் டிரைவை நீட்டினான். "ரெண்டு போட்டோ இருக்குண்ணே. ஒண்ணு வெள்ள, ஒண்ணு நீலம். ஃபிரெண்டு கேமராவுல எடுத்தது. காப்பி ஆவுறதுக்குள்ள பஸ்ஸு வந்துடுச்சு, புடுங்கிட்டு ஓடியாந்துட்டேன்."

புடுங்கிட்டு ஓடியாந்துட்டேன் என்று அவன் தன் வாயால் சொன்னான். என் காதில் விழுந்தது. நான் இரண்டு படத்தையும் தேர்ந்தெடுத்து நாலு நாலு போட்டு, தாளைத் திருப்பிப் பார்க்காமல் கவரில் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கடைக்கு போன் வந்தது. அவள்தான். மூச்சு வாங்கியது.

"உன் புரோகிராம்தான். அவனோட தாள்ல நாலு அவன், நாலு நான். பஸ்ஸுலயே எவனோ புடுங்கிப் பாத்துட்டான். ஊரெல்லாம் ரிஜிஸ்டர் கல்யாணம்னு பேசுது. அப்பாவும் சித்தப்பாவும் அங்கதான் வராங்க. எப்படி ஆச்சுன்னு செஞ்சு காட்டு. அத அப்படியே..."

லைன் போய்விட்டது. ஒரு ரூபாய்க் காயின் போன்.

நான் அந்த இரண்டாவது கோப்பைத் தேடி எடுத்தேன். கடைக் கம்ப்யூட்டரில் பிரதி இருந்தது. படத்தின் அளவைச் சொல்லும் தலைப்பகுதி மட்டும் இருந்தது, படத்தின் உடம்பு இல்லை. படிக்க முடியவில்லை என்று சொல்லவேண்டிய லைப்ரரி, படித்தாயிற்று என்று சொல்லியிருக்கிறது. என் புரோகிராம் அதை நம்பி, இரண்டாவது பாதியில் ஏற்கெனவே என்ன கிடந்ததோ அதை அச்சிட்டிருக்கிறது. கிடந்தது அவனுக்கு முந்தி வந்தவளின் முகம்.

எனக்கு அந்த நிமிடம் பயம் வரவில்லை. அதுதான் இன்று வரை என்னை அரிக்கிறது. எனக்கு வந்தது உற்சாகம். ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட உற்சாகம். ஒரே ஒரு வரி எழுதினேன். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் இடத்தைத் துடைக்கும் வரி. பழையதன் மேலேயே சேமித்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் சரி. இனி யாருக்கும் இப்படி நடக்காது என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பதினோரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அப்பா மெலிந்தவர், சட்டைப் பையில் சிவப்பு மை பேனா. சித்தப்பா அந்தத் தாளை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"தம்பி, எம்பொண்ணு மிஷின் தப்புன்னு சொல்றா" என்றார் அப்பா. "உண்மையா?"

"உண்மை சார். முழுக்க என் தப்பு. அவங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப காட்டு."

அவளுடைய படத்தைத் திறந்தேன். அடுத்து அவனுடைய இரண்டு கோப்புகள். பிரிண்ட் கொடுத்தேன். தாள் வந்தது. நாலு அவன். நாலு கறுப்புக் கட்டம்.

"எங்க?" என்றார் சித்தப்பா.

அப்போதுதான் உறைத்தது. "சார், காலையில சரி பண்ணிட்டேன். ஒரு நிமிஷம். அந்த வரிய எடுத்துட்டா பழையபடி வரும்."

தட்டினேன். என் விரல்கள் அவ்வளவு வேகமாக எப்போதும் ஓடியதில்லை. வரியை நீக்கி, மறுபடி அவளுடைய படம், மறுபடி அவன் கோப்பு. தாள் வந்தது. நாலு அவன், நாலு அவள்.

"பாத்தீங்களா சார்!" என்றேன்.

சித்தப்பா தாளைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாப் பாத்துக்கிட்டேன். மொதல்ல வரல. இவன் என்னமோ தட்டுனான், வந்துடுச்சு. இவன் நெனச்சா யார வேணும்னாலும் யாரோட வேணும்னாலும் சேத்து வப்பான்ணே. மிஷின் தப்பாம்!"

"அப்படி இல்லீங்க, அந்த மெமரில..."

"மிஷினுக்கு ஞாபகம் வந்து இவ மூஞ்சியப் போட்டுச்சாக்கும்? எத்தனையோ பேரு வந்துபோற கடைல, கரெக்டா எங்கவூட்டுப் பொண்ணு ஞாபகந்தான் வந்துச்சாக்கும்?"

ஸ்டுடியோக்காரர் முகம் வெளுத்திருந்தது. பெண்கள் படம் வெளியே போகும் கடை என்று பெயர் வந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். "மிஷின்ல அப்படி எதுவும் வராதுங்க" என்றார் மெதுவாக. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாத குரல். "தம்பி, நீயும் அவளும் ஒண்ணாப் படிச்சவங்கதானே?"

"ஆமா சார்."

"லேப்ல ஒரே டேபிளா?"

"ஆமா சார்."

சித்தப்பா சிரித்தார். "அப்புறம் என்ன. மாப்பிள்ளைத் தோழன் இவன்தான்."

அவர்கள் போனபின் ஸ்டுடியோக்காரர் "முன்னாடி மாதிரியே ஸ்கிரீன்ல பாத்துட்டே பிரிண்ட் குடு" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பையனை அவன் தெருவிலேயே வைத்து அடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கேட் பாஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திருப்பூருக்குப் போய்விட்டான். அவனிடம் போய் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

அன்று மாலையே அந்த லைப்ரரியை எழுதியவர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். இடத்தைத் திருப்பித் தராதது ஒரு ஓட்டை, உடைந்த கோப்பை முழுசு என்று சொல்வது அதைவிடப் பெரிய ஓட்டை என்று எழுதி, அந்தக் கோப்பையும் இணைத்தேன். நான்கே நாளில் பதில். நன்றி சொல்லியிருந்தார்கள். இது வெறும் பிழை இல்லை, பாதுகாப்புக் குறைபாடு; வேண்டுமென்றே உடைந்த படத்தை அனுப்பி, அதற்கு முன் மெமரியில் இருந்தவற்றை யாரும் திருடிவிட முடியும் என்றார்கள். அடுத்த வாரம் அவர்கள் தளத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. கண்டுபிடித்தவர் என்று என் பெயர். ஆபத்தின் அளவு என்ற இடத்தில், நடுத்தரம் என்று போட்டிருந்தது.

அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஏலாக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். கோவிலுக்குப் போகிறவர்கள் நிறைய பேர். அவர்களோடு இறங்கி, வழி கேட்டுக்கொண்டே நடந்தேன். யாரைக் கேட்டாலும் வழியைச் சொல்லிவிட்டு என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்கள்.

அப்பா என்னை உள்ளே வரச்சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசற்படியில் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் நிதானமாக வாசித்தார். புரியாத வார்த்தைகளின் கீழ் விரலை வைத்து என்னிடம் கேட்டார். முடித்ததும் தாளை மடித்தார்.

"போர்டை அழிக்காமப் போயிட்டா, அடுத்த பீரியட் வாத்தியார் எழுதுனதுல பாதி, முன்னாடி எழுதுனதுல பாதியா நிக்கும். அதானே?"

"அதேதான் சார். அதேதான்."

"எனக்கு அன்னிக்கே அவ சொன்னப்பவே புரிஞ்சுடுச்சு தம்பி. எம்பொண்ணு எங்கிட்ட பொய் சொல்ல மாட்டா."

எனக்கு மூச்சு வந்தது. "அப்ப திருச்சிக்கு அனுப்புவீங்கதானே சார்? பன்னெண்டாம் தேதி இன்டர்வியூ."

அவர் அந்தத் தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "எனக்குப் புரிஞ்சு என்ன பண்ண? இத எடுத்துக்கிட்டு நான் வூடு வூடாப் போயி படிச்சுக் காட்டவா? இங்கிலீசுல ரெண்டு பக்கம். எந்தம்பிக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. நாளைக்கு அதுங்களுக்கும் வரன் பாக்கணும்ல."

"சார்..."

"பேச்சு வந்தா நிறுத்தணும்னு நாந்தான் சொன்னேன். பேச்சு உண்மையா பொய்யான்னு அதுல நான் சொல்லலியே. நீ கிளம்பு தம்பி. நீ இங்க நிக்கிறதே இன்னொரு பேச்சு."

திரும்பியபோது உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. ஆளைப் பார்க்க முடியவில்லை, கதவு ஒருக்களித்திருந்தது.

"அந்த வரிய எங்க போட்ட?"

"படிக்கிறதுக்கு முன்னாடி. இடத்தத் துடைக்கிற மாதிரி."

"அது பத்தாது. எவ்வளவு படிச்சுச்சுன்னு எண்ணிப் பாக்கணும். எண்ணிக்க கொறஞ்சா அந்தப் படத்தையே தள்ளிடணும். இல்லாட்டி கறுப்புக் கட்டத்த யாருக்காவது குடுப்ப."

"சரி."

"உள்ள போம்மா" என்றார் அப்பா. கதவு சாத்திக்கொண்டது. அவள் சொன்னதுதான் சரி. லைப்ரரிக்காரர்களும் அடுத்த மாதம் அதையேதான் திருத்தமாக வெளியிட்டார்கள்.

பன்னிரண்டாம் தேதி நான் திருச்சியில் இருந்தேன். நானும் அதே கல்லூரிக்குத்தான் விண்ணப்பித்திருந்தேன். மதிப்பெண் வரிசைப்படி ஒரு பட்டியலை ஹால் வாசலில் ஒட்டியிருந்தார்கள். அவள் ஒன்பதாவது. நான் காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள். முப்பது இடத்துக்கு முப்பத்தொன்று.

காலை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கடைசி நிமிடத்தில் மனம் மாறி அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்று ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். ஒன்பதாவது பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை மைக்கில் கூப்பிட்டார்கள். ஒரு கிளார்க் அந்தப் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு போட்டார். பத்தாவது ஆளைக் கூப்பிட்டார்கள்.

மற்ற இருபத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள். மதியம் மூன்று மணிக்கு என் பெயர் வந்தது.

"ஒரு சீட் இருக்கு. எடுத்துக்கிறீங்களா?" என்றார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். எனக்குப் பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. நான் வேண்டாம் என்றால் அடுத்தவன் எடுத்துக்கொள்வான். அது அவளுக்குத் திரும்பிப் போகாது. இதையெல்லாம் நான் யோசித்தேன். யோசிக்க எனக்கு எப்போதும் அதிக நேரம் ஆனதில்லை.

"எடுத்துக்கிறேன் சார்" என்றேன். சான்றிதழ்களை மேஜை மேல் எடுத்து வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டவில்லையே என்று கேட்டார்.